பிழையை அளந்த பெரியார்

ஓர்ஸ் ஹில் மேட்டில் மாலை வேளையில் நின்று நோக்குவார்க்குத் திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கடல் பெரியதொரு நிலைக்கண்ணாடி போலத் தோன்றும். காற்றில்லாத நாட்களில் இது கடலோ குளமோ எனப் புதியவர் மயங்குவர். ஐப்பசி பிறந்து வடகீழ்க் காற்றுத் தலைப்பட்டுவிட்டால் அத்தோற்றம் முற்றாக மாறிவிடும். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இந்நகரைத் தாக்கி, அன்றிரவே பாக்குநீரிணையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த சூறாவளியைப் பற்றி எங்கள் பகுதி முதியோர் இன்றும் பேசுவதுண்டு. யான் பிறப்பதற்கு முன் நிகழ்ந்தது அஃது. இக்காலத்தில் வங்கக் கடலில் ஒரு தாழமுக்கம் உருவானால், அஃது எந்தக் கரையை எந்த நாளில் அணுகக்கூடும் என்பதைச் சில நாட்களுக்கு முன்பே கணித்துச் சொல்லிவிடுகின்றனர். கணிப்புச் சிலபோது தவறுவதும் உண்டு. ஆயினும் வள்ளங்களைக் கரையேற்றவும், பிள்ளைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பவும் அவகாசம் கிடைத்துவிடுகின்றது.

வானிலையை இவ்வாறு எண்களாற் கணித்தல் கூடும் என்று முதன்முதலில் முழுமையாகச் செய்து பார்த்து, அம்முயற்சியில் வெளிப்படையாகத் தோற்று, அத்தோல்வியையும் மறைக்காது நூலாக அச்சிட்டவர் ஒருவர் உளர். லூயிஸ் பிறை றிச்சட்சன் என்பது அவர் பெயர். வானிலை அறிஞர் என்றே அவரை உலகம் போற்றுகின்றது. ஆனால் அவர் இளமையிற் கண்ட ஒரு சிறு கணக்குமுறை, அணுக்கருவைக் கட்டிவைத்திருக்கும் வல்விசையை ஆராய்வோர்க்கும் இன்று கைகொடுக்கின்றது. அதனை அறிந்த நாள்முதல் இவர் வரலாற்றை நம் வாசகர்க்குச் சொல்லவேண்டும் என்னும் அவா எனக்கு உண்டு.

தமிழ்ப் பண்டிதனுக்குக் கணிதத்தில் என்ன வேலை என்று கேட்பார் கேட்கட்டும். இதே திருகோணமலையில் இந்துக் கல்லூரியை நடத்திய விபுலானந்த அடிகள் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவார். யாழ் நூலில் அவர் இசை நரம்புகளின் அளவுகளைக் கணக்கிட்டுக் காட்டியிருப்பதைக் கண்டவர் இக்கேள்வியைக் கேட்கமாட்டார்.

றிச்சட்சன் 1881ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் வட இங்கிலாந்தில், தைன் ஆற்றங்கரை நியூகாசில் நகரிற் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடும் தொழிலினர். ஏழு மக்களுள் இவரே இளையவர். குடும்பத்தார் குவேக்கர் எனப்படும் சமயப் பிரிவினர். போரில் ஆயுதம் ஏந்துதல் கூடாது என்பது அச்சமயத்தாரின் உறுதியான கொள்கை. இக்கொள்கை இவருக்கு வெறும் பிறப்புரிமையாக நின்றுவிடவில்லை. வாழ்நாளில் மும்முறையேனும் இதற்காக இவர் பெருவிலை கொடுத்தார் என்பதைப் பின்னே காண்போம்.

யோர்க் நகரத்துக் குவேக்கர் பள்ளியிலும், பிறந்த ஊர்க் கல்லூரியிலும், பின்னர்க் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும் பயின்று 1903இல் முதல் வகுப்பிற் தேறினார். அதன்பின் ஓரிடத்தில் நிலைத்து நின்றார் அல்லர். தேசிய பௌதிக ஆய்வுகூடம், வேல்ஸ் நாட்டுக் கல்லூரி ஒன்று, மின்விளக்குக் கம்பெனி என்று பத்து ஆண்டுகள் இடம் மாறிக்கொண்டேயிருந்தார். இவற்றுள் நமக்கு வேண்டியது ஒன்றே. 1906இல் முற்றா நிலக்கரி எடுக்கும் கம்பெனி ஒன்றில் அவர் வேலை பார்த்தார். சதுப்பு நிலத்தில் ஊறிக்கிடக்கும் நீரை வடிப்பதற்கு வாய்க்கால்களை எங்கே, எவ்வளவு இடைவெளியில் வெட்டுவது என்ற கேள்வி எழுந்தது. நீரின் ஓட்டத்தைக் கூறும் வகையீட்டுச் சமன்பாடு தெரிந்ததே. ஆனால் ஒழுங்கற்ற வடிவுடைய அந்நிலத்துக்கு அதனைத் தீர்க்கும் வழி எந்தக் கணித நூலிலும் இல்லை.

கணித நூல்கள் வட்டம், கோளம் போன்ற ஒழுங்கான வடிவங்களுக்கே விடை கூறும்; உலகமோ அவ்வாறு அமைந்ததன்று. றிச்சட்சன் செய்தது இது. நம் பெண்கள் முற்றத்திற் புள்ளிக்கோலம் இடுவதை எண்ணிப் பாருங்கள். முதலில் ஒழுங்கான இடைவெளியிற் புள்ளிகளை வைக்கின்றனர். பின்னரே கோட்டை வளைத்து இழுக்கின்றனர். அவ்வாறே நிலப்பரப்பு முழுவதையும் தொடர்ச்சியாகக் கருதாமல், சமதூரப் புள்ளிகளாகிய கட்டமாக மாற்றினார் அவர். ஒவ்வொரு புள்ளியின் மதிப்பும் அதன் அயற்புள்ளிகளின் மதிப்போடு கொள்ளும் தொடர்பைக் கூட்டல் கழித்தலால் எழுதிவிடலாம். நுண்கணிதம் எண்கணிதமாக இறங்கிவந்துவிட்டது. எண்சுவடி அறிந்த சிறுவனும் இனி அவ்வேலையைச் செய்யலாம்.

சிறுவர்களைக் கொண்டே அதனைச் செய்வித்தார் என்பது சுவையான செய்தி. 1911இல் இலண்டன் ரோயல் சொசைற்றியின் வெளியீட்டில் வந்த நீண்ட கட்டுரையில், கல்லணை ஒன்றினுள்ளே நீரின் பாரத்தால் எழும் தகைப்புக்களை இம்முறையாற் கணித்தார். கணக்கிட்ட சிறுவர்க்குப் புள்ளி ஒன்றுக்கு, எண்ணில் எத்தனை இலக்கமோ அத்தனை பதினெட்டிலொரு பென்னி கூலி. மூன்று இலக்க எண்ணானால் ஆறிலொரு பென்னி. அவர்களுள் விரைவுமிக்க ஒருவன் வாரம் ஒன்றில் 2000 கணக்குகளை முடித்தானாம். பிழையாகச் செய்தவை அந்தத் தொகையிற் சேரா.

இக்கட்டுரையையே கிங்ஸ் கல்லூரியில் ஆய்வுப் பதவி பெறுதற்கும் சமர்ப்பித்தார். கணித வல்லுநர் அதனை ஏற்கவில்லை. ஏறக்குறைய என்று விடை கூறுவது கணிதமாகாது என்பது அவர்கள் எண்ணம். பண்டிதர்களாகிய எங்களுக்கும் இந்நோய் உண்டு. சூத்திரத்துக்குள் அடங்காத வழக்கைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். றிச்சட்சனின் சிறப்பு, ஏறக்குறைய என்பதற்கும் ஓர் இலக்கணம் உண்டு என்று கண்டதில் இருக்கின்றது.

அவ்விலக்கணத்தைச் சற்று விளக்க வேண்டும். புள்ளிகளுக்கிடையே உள்ள தூரத்தைப் படி என்போம். படி பெரிதானால் விடையிற் பிழை பெரிது. சிறிதானால் பிழை சிறிது. இதனை எவரும் அறிவர். எவ்வளவு சிறிது என்பதே கேள்வி. அயற்புள்ளிகளை இருபுறமும் சமமாக எடுத்துக் கணித்தால், பிழை படியின் வர்க்கத்தைப் பின்பற்றுகின்றது என்று காட்டினார் றிச்சட்சன். படியைப் பாதியாக்கினாற் பிழை காற்பங்காகும். இதனை அறிந்தபின் படியை மேலும் மேலும் நுணுக்கி உழைக்க வேண்டிய தேவை இல்லை. பெரும்படியில் ஒருமுறை, அதன் பாதியில் ஒருமுறை கணக்கிடுக. முதல் விடையில் நான்கு பங்கு பிழை. இரண்டாவதில் ஒரு பங்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று பங்கு. ஆகவே வித்தியாசத்தின் மூன்றிலொன்றை எடுத்து நுண்ணிய விடையோடு சேர்த்தாற் பிழையின் பெரும்பகுதி ஒழிந்துவிடும்.

வாசகர் வீட்டிலேயே இதனைச் சோதிக்கலாம். விட்டம் 1 ஆகிய வட்டத்தினுள்ளே ஆறு பக்கச் சமபல்கோணம் ஒன்றை வரைந்தால் அதன் சுற்றளவு 3. பன்னிரண்டு பக்கம் வரைந்தால் 3.1058. வித்தியாசம் 0.1058, அதன் மூன்றிலொன்று 0.0353. கூட்டினால் 3.1411. வட்டத்தின் உண்மைச் சுற்றளவு 3.1416 என்பதை நாம் அறிவோம். திருத்தம் இன்றிப் பக்கங்களைப் பெருக்கியே இவ்வளவு நுட்பத்தை அடையவேண்டுமாயின் நூறு பக்கத்துக்கு மேல் வரைய வேண்டும். ஆறும் பன்னிரண்டும் சேர்ந்து நூறின் வேலையைச் செய்துவிட்டன.

பிழையை அளந்து அதனைக் கொண்டே பிழையை நீக்கும் இக்கலை நம் நாட்டார்க்குப் புதியதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். பதினான்காம் நூற்றாண்டிற் சேரநாட்டில் வாழ்ந்த சங்கமகிராமத்து மாதவரின் பெயரால் வழங்கும் தொடர் ஒன்றுண்டு. ஒன்று, மூன்றிலொன்று, ஐந்திலொன்று என ஒற்றை எண்களின் பின்னங்களை மாறிமாறிக் கூட்டியும் கழித்தும் சென்றால் வட்டத்தின் அளவு கிடைக்கும். ஆனால் அத்தொடர் நத்தையினும் மெல்ல நகர்வது. பத்து உறுப்புக்களைக் கூட்டினால் 3.0418தான் வரும். அப்பள்ளியினர் நூல்கள் கூறும் இறுதித் திருத்தத்தைச் சேர்த்தாலோ அதே பத்து உறுப்புக்கள் 3.14159 என்னும் விடையைத் தந்துவிடுகின்றன. மாதவரை றிச்சட்சன் அறிந்திருந்தார் என்று நான் கூறவரவில்லை. இருவர் மனமும் ஒரே வழியிற் சென்றன என்பதே செய்தி.

வரலாற்றுக்குத் திரும்புவோம். 1909இல் டொறதி கார்னெற் என்னும் பெண்மணியை மணந்தார். மாமனார் கணித அறிஞர். மக்கட்பேறு வாய்க்கவில்லை, பிற்காலத்தில் மூன்று பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்தனர். 1912இல் டைற்றானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கிய செய்தி வந்தவுடன், ஒரு குடையையும் ஊதுகுழலையும் எடுத்துக்கொண்டு படகேறிக் கடலுக்குச் சென்றார் றிச்சட்சன். குழலை ஊதி, எதிரொலியைக் குடையில் ஏற்றுக் கேட்டு, இருளிலும் பாறையை அறியலாமா என்று பார்த்தார். அதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பமும் செய்தார். இன்று எங்கள் துறைமுகத்துக்குள் வரும் கப்பல்கள் கடலடியின் ஆழத்தை எதிரொலியால் அறிகின்றன. அக்குடையை எண்ணினால் எனக்குச் சிரிப்பும் வியப்பும் சேர்ந்தே எழும்.

1913இல் ஸ்கொற்லாந்தில், எஸ்க்டேல்மியூர் என்னும் தனித்த இடத்தில் இருந்த வானிலை நிலையத்துக்குத் தலைவரானார். ஆங்கேதான் பெரிய எண்ணம் பிறந்தது. அணைக்கட்டுக்குப் போட்ட கட்டத்தை வளிமண்டலத்துக்கும் போட்டால் என்ன? சதுரங்கப் பலகை போல நிலப்பரப்பைப் பிரித்து, உயரத்தையும் ஐந்து அடுக்குக்களாக வகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் அமுக்கம், வெப்பம், ஈரம், காற்று ஆகியவற்றைக் குறித்து, அடுத்த சில மணி நேரத்தில் அவை எவ்வாறு மாறும் என்று கணித்துவிடலாமே!

அவ்வேளையில் முதல் உலகப் போர் மூண்டது. ஆயுதம் ஏந்த இவர் உடன்படார். போரின் துன்பத்தைக் காணாது ஒதுங்கியிருக்கவும் மனம் ஒப்பவில்லை. 1916இல் நல்ல பதவியைத் துறந்து, குவேக்கர் நடத்திய அம்புலன்ஸ் படையிற் சேர்ந்து, பிரான்சில் காயமுற்றோரை ஏற்றிச்செல்லும் வண்டி ஓட்டினார். இது முதல் விலை. போர்முனைக்குப் பின்னே ஓய்வுக்கு ஒதுக்கிய குளிர்ந்த கொட்டிலில், வைக்கோற் குவியலை மேசையாகக் கொண்டு, உலகின் முதல் எண்முறை வானிலைக் கணிப்பைச் செய்தார். 1910 மே 20ஆம் நாட் காலை ஐரோப்பாவில் எடுத்த அளவுகளை அடிப்படையாகக் கொண்டு, ஆறு மணி நேர மாற்றத்தைக் கணிக்க முற்பட்டார். அதற்கு ஆறு வாரம் சென்றது. 1917 ஏப்ரலில் நடந்த சம்பாஞ் போரின்போது கையெழுத்துப் பிரதியைப் பாதுகாப்புக்காகப் பின்னே அனுப்ப, அது காணாமற் போயிற்று. பல மாதங்களின் பின்னர்ப் பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலின் அடியிலிருந்து அதனை மீட்டனர். கறையானுக்கும் வெள்ளத்துக்கும் தப்பிய நம் ஏடுகளின் கதையைப் படித்தவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

இத்தனை பாடுபட்டுப் பெற்ற விடை யாது? ஆறு மணி நேரத்தில் அமுக்கம் 145 மில்லிபார் உயரும் என்று கணக்குச் சொல்லிற்று. எந்தச் சூறாவளியும் அத்தகைய ஏற்றத்தை அவ்வளவு நேரத்தில் தந்ததில்லை. அன்று அவ்விடத்தில் உண்மையில் அமுக்கம் ஏறக்குறைய மாறாமலே இருந்தது. வேறொருவராயின் அத்தாளைக் கிழித்தெறிந்திருப்பார். இவரோ 1922இற் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட தம் நூலில் ஒவ்வொரு படியையும் அட்டவணையாக அச்சிட்டு, விடை பிழை என்பதையும் கூறி, தொடக்கத்திற் கொண்ட காற்றளவுகளே காரணமாகலாம் என்றும் எழுதினார். அவர் ஐயம் சரியானது. பீற்றர் லிஞ்ச் என்னும் அயர்லாந்து அறிஞர் அண்மைக் காலத்தில் அதே கணக்கைக் கணினியில் மீண்டும் செய்து, தொடக்க அளவுகளிலிருந்த ஒவ்வாமையை நீக்கியதும் மாற்றம் ஒரு மில்லிபாரளவிற்குச் சுருங்கிவிட்டதைக் காட்டினார். படிகளை எல்லாம் ஒளிக்காமல் அச்சிட்டமையாலன்றோ பின்வந்தவர் பிழை இருந்த இடத்தைத் தொட முடிந்தது!

அந்நூலில் ஒரு கற்பனையும் உண்டு. உலக வரைபடத்தை உட்சுவரில் எழுதிய பெரியதோர் உருண்டை மண்டபம். அதிலே 64,000 கணிப்போர் தத்தம் கட்டத்துக்கான கணக்கைச் செய்துகொண்டிருப்பர். நடுவிலுள்ள உயர்ந்த தூணின் உச்சியில் தலைவர். முந்துவோர் மீது செவ்வொளியும் பிந்துவோர் மீது நீலவொளியும் பாய்ச்சி அனைவரையும் ஒரே தாளத்தில் நடத்துவார் அவர். நட்டுவாங்கம் போன்ற காட்சி! இன்றைய பெருங்கணினிகளில் ஆயிரமாயிரம் உறுப்புக்கள் தத்தம் பங்கைக் கணித்து அயலார்க்கு விடையை அனுப்பிக் காத்திருப்பது ஏறத்தாழ இவ்வாறே.

போரின் பின் வானிலைப் பணிக்கே திரும்பியிருந்தார். 1920இல் வானிலைத் திணைக்களத்தை விமானப்படை அமைச்சின் கீழ் இணைத்தனர். படைத்துறைக்குக் கீழ் வேலை செய்ய மாட்டேன் என்று விலகினார். தம் உயிரையே வைத்து வளர்த்த துறையை விட்டு வெளியேறியது இரண்டாம் விலை. இலண்டனில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றிற் பௌதிகம் கற்பிக்கப் போனார். காற்றின் கொந்தளிப்பைப் பற்றிய ஆராய்ச்சியைத் தனியே தொடர்ந்தார். அதில் மிக்க ஆர்வம் காட்டுவோர் நச்சுப்புகையைப் போரிற் பரப்ப வழிதேடுவோரே என்று பின்னர் அறிந்தார். அச்சிடாமல் எஞ்சியிருந்த ஆய்வுகளை அழித்துவிட்டு அத்துறையை நிறுத்தினார் என்று அவர் மனைவியார் நினைவுகூர்ந்துள்ளார். மூன்றாவது விலை இது. இச்செயல் சரியோ என்று என் மாணவர் சிலர் வாதிட்டதுண்டு. அறிவை அழித்தல் தகுமா என்பது அவர்கள் கேள்வி. விடை கூற எனக்கு நா எழவில்லை. ஆனால் அழித்தவர் அழித்ததன் அருமையை நன்கு அறிந்தவர் என்பதை மட்டும் சொன்னேன்.

அழியாமல் நின்ற ஒன்று உண்டு. 1927இற் கோண்ட் என்பாரோடு சேர்ந்து, பழைய கட்டமுறைக்குத் திரும்பி, எல்லையை ஒத்திவைத்து அணுகுதல் என்னும் பொருள்படத் தலைப்பிட்ட கட்டுரையை வெளியிட்டார். மேலே வட்டத்தைக் கொண்டு காட்டிய முறையின் விரிவே அது. படி பூச்சியமாகும் எல்லையை நேரே அடையப் புறப்படாதே. எட்டக்கூடிய இரண்டு படிகளில் நின்று, பிழை தேயும் விதியைப் பிடித்துக்கொண்டு, எல்லைக்குத் தாவு என்பதே அதன் சாரம்.

இனி வல்விசைக்கு வருவோம். அணுக்கருவினுள் புரோத்தன்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. எனினும் கரு சிதறாதிருக்கக் காரணமானது வல்விசை. புரோத்தனுக்குள்ளே குவார்க்கு என்னும் நுண்துகள்கள் உள; குளுவான் என்பவை அவற்றைப் பிணைக்கின்றன. இவ்விசைக்குரிய சமன்பாடுகள் 1973 அளவில் உருப்பெற்றுவிட்டன. ஆனால் புரோத்தனின் அளவுள்ள தூரங்களில் விசை மிக வலிதாகலின், தாளும் எழுதுகோலும் கொண்டு அவற்றைத் தீர்க்க இயலவில்லை. 1974இல் அமெரிக்கரான கென்னத் வில்சன் ஒரு வழி சொன்னார். இடத்தின் மூன்று திசைகளோடு காலத்தையும் சேர்த்து நாற்பரிமாணக் கட்டமாக்கிவிடுக. புள்ளிகளிற் குவார்க்குகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளிற் குளுவான்களையும் வைத்துக் கணிக்குக என்றார். புள்ளிகளின் இடைவெளி எவ்வளவு என்கிறீர்கள்? ஒரு மீற்றரைப் பத்துக்கோடியாற் பகுத்து, வந்ததை மீண்டும் ஒரு கோடியாற் பகுத்து, அதிலும் பத்திலொரு பங்கு!

சதுப்பு நிலத்தில் எழுந்த அதே இடர் இங்கும் எழுந்தது. இயற்கையிற் கட்டம் இல்லை; கட்டம் நாம் இட்டது. ஆகவே விடையில் அதன் வடு படிகின்றது. படியைப் பாதியாக்கலாம் என்றால், நான்கு பரிமாணத்திலும் புள்ளிகள் இரட்டித்துப் பதினாறு மடங்காகும். உழைப்போ அதனினும் பன்மடங்கு பெருகும். வில்சன் குவார்க்குகளைக் கட்டத்தில் அமைத்த விதத்திற் பிழை படியின் வர்க்கத்தையும் பின்பற்றவில்லை, படியையே பின்பற்றிற்று. படியைப் பாதியாக்கினாற் பிழையும் பாதியே குறையும். பிழை தீருமுன் எந்தக் கணினிக்கும் மூச்சு முட்டிவிடும்.

ஜேர்மானியரான கூர்ட் சிமான்சிக் இதற்கு மருந்து கண்டார். ஹம்பேர்க் நகரின் தேசி ஆய்வு நிலையத்திற் பணியாற்றியவர். அவருடைய முதன்மையான இரு கட்டுரைகள் 1983இல் வெளிவந்தன. அவ்வாண்டின் அக்டோபரிலேயே அவர் மறைந்தார். றிச்சட்சன் விடை வந்தபின் பிழையைக் களைந்தார். சிமான்சிக் கூறியது வருமுன் காக்கும் வழி. கட்டத்தால் எழும் பிழையின் வடிவம் முன்கூட்டியே தெரியுமாதலின், அதற்கு நேரெதிரான சில உறுப்புக்களைச் சமன்பாட்டின் மூலத்திலேயே சேர்த்துவிட்டால், முதன்மைப் பிழை தோன்றும்போதே அழிந்துபோகும். 1985இற் ஷெய்க்கொலெஸ்லாமி, வோலெர்ட் என்னும் இருவர் குவார்க்குகளுக்கு வேண்டிய அத்தகைய உறுப்பை எழுதிக் காட்டினர். அதன் அளவைச் சரியாகத் தேர்ந்து சேர்த்தால், பிழை மீண்டும் வர்க்கவிதிக்கு அடங்கும். அதன்பின் இரண்டு மூன்று படிகளிற் கணித்து எல்லைக்குத் தாவுதல் றிச்சட்சன் காட்டிய வழியேயாம். 2008இல் ஐரோப்பிய ஆய்வாளர் குழு ஒன்று மூன்று வேறு படிகளிற் கணித்து, புரோத்தன் முதலியவற்றின் திணிவை அளந்தறிந்த மதிப்போடு சில நூற்றுவீத வேறுபாட்டுக்குள் பொருந்தப் பெற்றது. புரோத்தனின் திணிவிற் குவார்க்குகளின் சொந்தத் திணிவு மிகச் சிறுபங்கே. ஏனையது பெரும்பாலும் வல்விசையின் ஆற்றலே என்பதை அக்கணக்கு உறுதிப்படுத்திற்று. நம் உடலின் பாரமும் அவ்வாற்றலின் பாரமே. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலும் இக்கட்டக் கணிதம் நடைபெறுகின்றது.

றிச்சட்சன் இவற்றைக் காண இருக்கவில்லை. 1929இல் ஸ்கொற்லாந்தின் பெயிஸ்லி தொழில்நுட்பக் கல்லூரிக்கு அதிபரானார். 1940இல் ஓய்வூதியம் குறையும் என்று அறிந்தும் முன்னதாகவே விலகி, போர் ஏன் மூள்கின்றது என்னும் ஆராய்ச்சியில் முழுவதும் இறங்கினார். 1950இல் எனியாக் என்னும் முதற் கணினிகளுள் ஒன்றைக் கொண்டு சார்னியும் தோழரும் வானிலையைக் கணித்து, முடிவுகளை இவருக்கு அனுப்பினர். பீரங்கிக் குண்டின் பாதையைக் கணிக்கவென்று படையினர் கட்டுவித்த இயந்திரம் அது. வரைபடங்களை மனைவியாரிடம் கொடுத்து எது உண்மையோடு மிகப் பொருந்துகின்றது என்று பார்க்கச் சொல்லி, அவர் தீர்ப்பையும் குறித்து, மனமாரப் பாராட்டி மறுமொழி எழுதினார் முதியவர்.

போராய்ச்சியின் இடையே அவர் எதிர்பாராத ஒன்றைக் கண்டார். நாடுகளுக்கிடையே எல்லை நீண்டிருப்பின் சண்டை மிகுமா என்று அறிய, எல்லைகளின் நீளத்தைப் பேரேடுகளிற் தேடினார். ஸ்பெயின், போர்த்துக்கல் எல்லை ஓரிடத்தில் 987 கிலோமீற்றர், மற்றோரிடத்தில் 1214. ஒல்லாந்து, பெல்ஜியம் எல்லை 380 என்றும் 449 என்றும் இருந்தது. எவர் பிழை? கவராயத்தை எடுத்து வரைபடத்தின் மீது தாமே அளந்தார். கவராயத்தின் கால்களை நெருக்க நெருக்க நீளம் கூடிக்கொண்டே சென்றது. வட்டத்திலாயின் படியைக் குறைக்க விடை ஓர் எல்லையிற் சென்று தங்கும். கடற்கரையிலோ தங்க மறுத்தது. தென்னாபிரிக்கக் கரை ஏறத்தாழ நேரானதாகலின் சிறிதே கூடிற்று. பிரித்தானியாவின் மேற்குக் கரையோ, படியைப் பதினாறிலொன்றாக்கினால் இரட்டிக்கும் விதியைக் காட்டிற்று. பிழையைக் களையும் முறைக்குத் தந்தையானவர், எல்லையே இல்லாத ஓரிடத்தைத் தாமே கண்டுபிடித்துக் குறித்துவைத்தார்.

1953 செப்டெம்பர் 30ஆம் நாள், ஸ்கொற்லாந்தின் கில்மன் என்னும் கடலோர ஊரில், உறக்கத்திலேயே உயிர் நீத்தார். கடற்கரைக் கட்டுரை 1961இலேயே வெளிவந்தது. 1967இல் மண்டல்புரோட் அதனை எடுத்துக்காட்டிய பின்னரே உலகம் அதன் அருமையை உணர்ந்தது.

திருகோணமலைத் துறைமுகத்தின் வரைபடம் ஒன்று எங்கள் வகுப்பறைச் சுவரில் தொங்குகின்றது. கொட்டியாரக்குடாவின் வாயிலிருந்து சீனக்குடா வரை கவராயத்தை நடத்திப் பார்க்குமாறு சென்ற தவணையில் மாணவர்க்குச் சொன்னேன். ஒரு கிலோமீற்றர்ப் படியில் நடந்தவன் முதலில் முடித்துவிட்டான். அரைக் கிலோமீற்றரில் நடந்தவள் ஒவ்வொரு சிறுகுடாவுக்குள்ளும் புகுந்து புறப்பட வேண்டியிருந்தது. மணி அடித்தபோது அவள் இன்னும் அளந்துகொண்டிருந்தாள்.